பிரதேச அபிவிருத்தியும் இரணைமடுக் கமக்காரரும்

இலங்கை சிறிய நாடு. பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை அளந்தால் 270 மைலுக்கு மேற்படாது. இச்சிறிய நாட்டுக்குச் சுதந்திரத்தின் பின் எத்தனை பிரதேச அபிவிருத்தித் திட்டங்கள் வரையப்பட்டன என்று எண்ணிப் பார்த்தால் வியப்பாயிருக்கும். 1949இல் கல்லோயா வந்தது. 1960களின் பிற்பகுதியில் மகாவலிப் பெருந்திட்டம் தீட்டப்பட்டது. 1974இல் பன்முகப்படுத்தப்பட்ட வரவு செலவுத் திட்டம் என்று தொகுதிதோறும் பணம் பகிரப்பட்டது. 1979இல் குருநாகலில் தொடங்கி மாவட்டம் மாவட்டமாக ஒருங்கிணைந்த கிராமிய அபிவிருத்தித் திட்டங்கள் வந்தன. 1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள், 1987இன் சட்டத்தால் மாகாண சபைகள். ஒவ்வொன்றும் நாட்டின் படத்தில் ஒவ்வொரு விதமாகக் கோடு கீறியது. ஆற்றுப் படுகைதான் பிரதேசம் என்றது ஒன்று, தேர்தல் தொகுதி என்றது இன்னொன்று. பிறகு மாவட்டம் என்றார்கள், மாகாணம் என்றார்கள்.

இரண்டு ஏக்கர் வயலும் ஒரு துண்டு மேட்டுக்காணியும் வைத்திருக்கும் கமக்காரனுக்கு இந்தக் கோடுகளில் எது சரி என்பது பெரிய கேள்வியன்று. அவன் கேட்பது ஒன்றே. என் வாய்க்காலுக்கு வரும் தண்ணீரை யார் தீர்மானிக்கிறார்? எனக்குத் தெரிந்து தீர்மானிக்கிறாரா, தெரியாமல் தீர்மானிக்கிறாரா?

இக்கேள்விக்கு இரணைமடுவைப்போல நல்ல பாடம் வேறில்லை. ஆகவே இவ்வாரம் இரணைமடுவையே எடுத்துக்கொள்வோம்.

குளமும் குடிகளும்

கனகராயன் ஆறு வவுனியாவின் வடபகுதியில் ஊற்றெடுத்து வடக்கு நோக்கி ஓடி, கிளிநொச்சியைக் கடந்து ஆனையிறவுக் கடல்நீரேரியில் விழுகிறது. அவ்வாற்றை மறித்துக் கட்டிய குளமே இரணைமடு. வேலை 1902இல் ஆரம்பமாகி 1920 அளவில் நிறைவெய்தியது. பின்னர் தேவை பெருகப் பெருகக் கட்டு உயர்த்தப்பட்டது. நீர்மட்டம் 34 அடியாக இருந்த காலத்தில் குளம் நிறைந்தால் ஏறத்தாழ 1 லட்சத்து 6 ஆயிரம் ஏக்கர்-அடி தண்ணீர் நின்றது. ஒரு ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீரே ஒரு ஏக்கர்-அடி. இக்குளத்தின் கீழ் சுமார் 21,000 ஏக்கர் வயல் இருக்கிறது.

இந்த வயல்களைத் திருத்தியவர் யார்? 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின், குடியேற்றத் திட்டங்களின் வழியாக வந்தவர்களில் மிகப் பலர் யாழ்ப்பாணக் குடாநாட்டார். பரப்புக் கணக்கில் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பிரித்துக் காணி துண்டாகிப் போனபின், காட்டை வெட்டி, நுளம்புக்கும் யானைக்கும் ஈடுகொடுத்து, உருத்திரபுரத்திலும் வட்டக்கச்சியிலும் நிலைகொண்டவர்கள். பின்னர் 1958இலும் 1977இலும் கலவரங்களால் துரத்தப்பட்டு மலையகத்திலிருந்தும் பல குடும்பங்கள் வன்னிக்கு வந்து சேர்ந்தன. போர்க்காலத்தில் இவ்வளவு பேரும் இடம்பெயர்ந்து, 2010 அளவில் திரும்பிவந்து, பற்றை மண்டிய வரம்பை மறுபடி கண்டுபிடித்தே உழுதார்கள். இரணைமடு நீர் பற்றிய வழக்கை அன்னியர் இருவரின் வழக்கென்று எண்ணுவோர் இதை நினைவிற் கொள்ளல் வேண்டும். தண்ணீர் கேட்டவரும் தரத் தயங்கியவரும் பல குடும்பங்களில் மாமன் மருமகன் முறையினர்.

குழாய் வந்த கதை

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். மற்றெல்லாம் சுண்ணாம்புக் கல்லின் இடுக்கில் நிற்கும் மழைநீர். துலா மிதித்து இறைத்த காலத்தில் கிணறு ஓய்வெடுக்க நேரமிருந்தது. இறைப்பு இயந்திரம் வந்தபின் ஓய்வு போயிற்று. 1970 முதல் 1977 வரை வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு ஆகியவற்றின் இறக்குமதியை அரசாங்கம் கட்டுப்படுத்தியபோது குடாநாட்டுத் தோட்டக்காரன் தலைநிமிர்ந்தான். கல்வீடு கட்டினான், பிள்ளையைப் படிப்பித்தான். அந்த வருமானம் முழுவதும் கிணற்றிலிருந்து இறைத்ததே. 1977இல் இறக்குமதிக் கதவு திறந்தபோது விலை விழுந்தது. செலவு விழவில்லை. விளைச்சலைக் கூட்டித்தான் பிழைக்கவேண்டும் என்ற நிலையில் உரமும் இறைப்பும் இன்னும் கூடின. கொழும்பில் ஒரு வர்த்தகக் கொள்கை மாறினால் சுன்னாகத்துச் செம்மண்ணின் அடியிலுள்ள தண்ணீர் மாறும் என்பதை எந்தப் பிரதேசத் திட்ட அறிக்கையும் அன்று எழுதவில்லை.

விளைவு, இன்று பல கிணறுகளின் நீரில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. கரையோரக் கிணறுகளில் உவர் ஏறுகிறது. தீவுப்பகுதியில் பவுசர் வரும் நாளுக்குக் குடத்தோடு காத்திருப்போர் உண்டு. எனவே குடாநாட்டாருக்குக் குடிநீர் வேண்டும் என்ற கோரிக்கை முழுக்க நியாயமானது. இதை மறுக்கும் கமக்காரனை நாம் சந்தித்ததில்லை.

இந்நிலையில் யாழ்ப்பாணம் கிளிநொச்சி நீர் வழங்கல் திட்டத்துக்கு ஆசிய அபிவிருத்தி வங்கி 2010இல் கடன் ஒப்புக்கொண்டது. இரணைமடுவிலிருந்து நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் நீரை எடுத்துக் குழாய் வழியே குடாநாட்டுக்குக் கொண்டுசெல்வது திட்டம். அதற்கு ஈடாகக் குளம் திருத்தப்படும், நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்படும் என்று கூறப்பட்டது. காகிதத்தில் பார்த்தால் எல்லோருக்கும் இலாபம். குளத்துக் கமக்காரர் மட்டும் ஒப்பவில்லை. அவர்களைச் சுயநலக்காரர் என்றும், யாரோ தூண்டிவிடுகிறார்கள் என்றும் அக்காலத்தில் பேசியவர்கள் உண்டு.

கமக்காரரின் கணக்கை யாரும் போட்டுப் பார்க்கவில்லை என்பதே எமது எண்ணம். நாம் இப்போது போட்டுப் பார்ப்போம்.

இரண்டு கணக்கு

நாளொன்றுக்கு 27,000 கன மீற்றர் என்றால் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 98 லட்சத்து 55 ஆயிரம் கன மீற்றர். ஏக்கர்-அடியில் சுமார் 8,000. நிறைந்த குளத்தில் இது நூற்றுக்கு எட்டுப் பங்கும் இல்லை. கட்டை 2 அடி உயர்த்துவதால் கூடுதலாக நிற்கும் நீரோ ஏறத்தாழ 13,000 ஏக்கர்-அடி. 13,000 கொடுத்து 8,000 எடுக்கிறோம், கமக்காரனுக்கு 5,000 மிச்சம். இது பொறியியலாளரின் கணக்கு. கூட்டல் கழித்தலில் பிழையில்லை.

கமக்காரனின் கணக்கு போகத்தோடு வருவது. அந்த மேலதிக 2 அடி, குளம் 34 அடியைத் தாண்டும் ஆண்டில் மட்டுமே கிடைக்கும். நல்ல மாரி பெய்து வான் பாயும் ஆண்டில் அது வரும். அந்த ஆண்டில் எவரும் தண்ணீருக்குச் சண்டை பிடிப்பதில்லை. மாரி குறைந்து குளம் 20 அடியில் நின்றுவிட்டால் உயர்த்திய கட்டில் வெயில்தான் காயும். குழாயோ அந்த ஆண்டும் நாளுக்கு 27,000 கேட்கும். கேட்பது மட்டுமா, அந்த ஆண்டில்தான் குடாநாட்டுக் கிணறுகளும் வற்றியிருக்கும், ஆகவே இன்னும் கூடுதலாகக் கேட்கும். குடிநீருக்கே முதலிடம் என்பது எங்கும் உள்ள விதி. தாகத்தில் இருப்பவனுக்கு முன்னால் நெல்லைக் காட்டி எவரும் வாதாட முடியாது.

காலபோகம் மழையோடு போய்விடும். குளத்து நீரையே முழுக்க நம்பியிருப்பது சிறுபோகம். குளம் நன்றாக நிறைந்த ஆண்டிலும் 21,000 ஏக்கருக்கும் சிறுபோகத்துக்கு நீர் கொடுக்க இயலாது. ஒரு பகுதிக்கே தீர்மானித்துப் பங்கு பிரிப்பார்கள். கோடையில் ஒரு ஏக்கர் நெல்லுக்குக் குளத்திலிருந்து 5 ஏக்கர்-அடி திறக்கவேண்டும் என்று வைத்துக்கொண்டால், 8,000 ஏக்கர்-அடி என்பது 1,600 ஏக்கர் சிறுபோகம். மாரி மாதங்களில் எடுப்பது வான் பாயும் நீர்தானே என்று பாதியைத் தள்ளிவிட்டாலும் 800 ஏக்கர். குடும்பத்துக்கு 2 ஏக்கர் என்றால் 400 குடும்பங்களின் சிறுபோகம் முழுவதும். வறண்ட ஆண்டில் சிறுபோகமே சில ஆயிரம் ஏக்கருக்குச் சுருங்கும்போது இந்த 800 எத்தகைய பங்கு என்பதை வாசகரே பார்க்கலாம். 2016ஆம் ஆண்டின் இறுதியில் மாரி பொய்த்து 2017இலும் நீண்ட வறட்சியை நாடே அனுபவித்தது. அப்படியொரு ஆண்டில் இந்தக் கணக்கைத் திண்ணையிலிருந்து எவரும் போடலாம்.

ஆண்டுச் சராசரியைப் பார்ப்பவனுக்குக் குளத்தில் தண்ணீர் மிஞ்சும். ஆவணி மாதத்தில் கதிர் பால் கட்டும் வேளையில் வாய்க்காலைப் பார்ப்பவனுக்கு மிஞ்சாது. இருவரும் ஒரே மேசையில் இருந்திருந்தால் இது முதல் நாளே வெளிப்பட்டிருக்கும்.

அந்த மேசை ஏற்கெனவே இருந்தது

இதுவே நாம் வற்புறுத்த விரும்பும் விடயம். புதிய சபை ஒன்று அமைக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. 1946ஆம் ஆண்டின் நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டப்படி, ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூட்டப்படுகிறது. அரசாங்க அதிபர் தலைமை வகிப்பார். நீர்ப்பாசன, கமநல உத்தியோகத்தர் வருவார்கள். எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் துருசு திறப்பது, எந்நாளில் பூட்டுவது, எந்த இனம் விதைப்பது என்பதெல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். தீர்மானத்தை மீறி விதைத்தவனுக்கு நீர் இல்லை. தண்ணீரைப் பங்கிடுவதற்குச் சட்டம் ஏற்றுக்கொண்ட இடம் இதுவே.

ஒரு கமக்காரன் அரை ஏக்கர் கூடுதலாக விதைக்க விரும்பினாலும் இக்கூட்டத்தில் கேட்கவேண்டும். நூறு ஆண்டுக் குளத்திலிருந்து ஆண்டுதோறும் 8,000 ஏக்கர்-அடி எடுக்கும் திட்டமோ வேறு அலுவலகத்தில் வரையப்பட்டு, வெளிநாட்டில் கடன் பேசப்பட்டு, கையெழுத்தும் ஆனபிறகுதான் கமக்காரரின் முன் விளக்கத்துக்கு வந்தது. முடிவான காரியத்தை விளக்குவதற்குக் கூட்டம் கூட்டினால் அதைக் கலந்தாலோசனை என்று சொல்லமுடியாது. கலியாணத்துக்கு நாள் வைத்து முடித்தபின் பெண்ணிடம் சம்மதம் கேட்பதைப்போல.

அங்கே முதலில் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? எமது ஊகம், கமக்காரர் முற்றாக மறுத்திருக்கமாட்டார்கள். குளம் இத்தனை அடிக்கு மேல் நிற்கும்போது எடுங்கள், அதற்குக் கீழே இறங்கினால் நிறுத்துங்கள் என்று அடிக்கணக்கு ஒன்றைப் பேசியிருப்பார்கள். வன்னிக் கமக்காரனுக்கு அடிக்கணக்கில் பேசுவது பழக்கமான விடயம்.

ஆறுமுகம் காட்டிய வழி

இவ்விடத்தில் ஒரு பழைய திட்டத்தை நினைவூட்டுவது பொருந்தும். நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1954இல் யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை முன்வைத்தார். இரணைமடுவில் வான் பாய்ந்த பின் கனகராயன் ஆறு எங்கே போகிறது? ஆனையிறவுக் கடல்நீரேரிக்கு. அங்கிருந்து கடலுக்கு. அந்தக் கடல்நீரேரியின் வாயை மறித்து நன்னீராக்கி, முள்ளியானில் இரண்டரை மைல் அளவுக்கு ஒரு கால்வாய் வெட்டினால், நீர் வடமராட்சிக் கடல்நீரேரிக்கு வரும். தொண்டைமானாற்றிலும் உப்பாற்றிலும் கதவணைகள் உவரைத் தடுத்து நிற்க, குடாநாட்டின் நடுவிலே நன்னீர் தேங்கும். நிலத்தடி நீர் ஊறும், கிணறுகள் தாமாகவே இனிக்கும்.

அத்திட்டத்தின் அடிப்படை மிக எளியது. கமக்காரன் எடுத்ததுபோக மிஞ்சி, கடலில் விழப்போகும் நீரை எடுப்பது. குழாய்த் திட்டமோ கமக்காரனுக்கு முன்னே நின்று எடுக்கப்பார்த்தது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லப் பொறியியற் படிப்பு வேண்டாம்.

ஆறுமுகம் திட்டத்தில் குறையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. கடல்நீரேரியில் இறால் பிடிக்கும் தொழிலாளிக்கு அது பெரிய மாற்றம். அவனுக்கும் ஒரு கூட்டம் தேவை. உவர் கழுவிப்போகப் பல மாரிகள் செல்லும். ஆனால் வேலையின் ஒரு பகுதி 1960களில் செய்தும் முடிந்தது என்பதை மறக்கலாகாது. முள்ளியான் கால்வாய்தான் அரைகுறையாகக் கிடந்தது. சில மைல் கால்வாய்க்கு அரை நூற்றாண்டாகப் பணமில்லை. அதேவேளை நாட்டின் மறுபக்கத்தில் மகாவலித் திட்டத்தின் பேரணைகள் எழுந்தன. மகாவலியின் முதல் திட்டம் 30 ஆண்டில் 9 லட்சம் ஏக்கருக்கு நீர் என்று கணக்கிட்டு, வடக்கின் ஆற்றுப் படுகைகளையும் உள்ளடக்கியிருந்தது. 1977இல் அது துரித திட்டமாகி ஆறே ஆண்டுக்குச் சுருக்கப்பட்டபோது வடக்குக்கு வரவேண்டிய கால்வாய்கள் பின்தள்ளப்பட்டன. பேரணைகளைத் திறந்துவைத்துக் கல்வெட்டில் பெயர் பொறிக்கலாம். இரண்டரை மைல் கால்வாயில் பெயர் பொறிக்க இடமில்லை என்று நினைத்தார்கள் போலும்.

கடல்நீரைக் குடிநீராக்கினர்

இறுதியில் என்ன நடந்தது? கமக்காரரின் எதிர்ப்பு ஓயவில்லை. விவாதம் மாகாண சபைக்கும் போயிற்று. 2017 அளவில் இரணைமடுவை விட்டுக் கடல்நீரைச் சுத்திகரிப்பது என்று திட்டம் திருத்தப்பட்டது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில் நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரும் நிலையம் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. இரணைமடுக் கட்டும் உயர்த்தப்பட்டது.

கமக்காரருக்கு வெற்றி என்று சிலர் கூறுகிறார்கள். நாம் அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டோம். இவ்வகை நிலையத்தில் ஒரு கன மீற்றர் நீருக்கு 3 முதல் 4 அலகு வரை மின்சாரம் செலவாகும். 24,000 கன மீற்றருக்கு நாளொன்றுக்கு 70,000 முதல் ஒரு லட்சம் அலகு மட்டில். அந்தக் கட்டணத்தை நீர் வாங்குபவரும் வரி கொடுப்பவரும் பகிர்ந்து சுமக்கத்தான் வேண்டும். உவர்க்கழிவு கடலில் விடப்படுவது பற்றி அப்பகுதி மீனவர் முறையிட்டார்கள். பேசித் தீர்க்கக்கூடியதாயிருந்த ஒரு வழக்கை மின்சாரத்தைக் கொட்டித் தீர்த்திருக்கிறோம்.

அதைவிட முக்கியமான குறை இன்னொன்று. இரணைமடு நீரில் கமக்காரனின் பங்கு எவ்வளவு என்று எங்கும் எழுதிவைக்கப்படவில்லை. எத்தனை அடிக்குக் கீழே எவரும் தொடக்கூடாது என்ற விதியும் இல்லை. நாளை ஒரு பெரிய வறட்சி வந்தாலோ, மின்கட்டணம் ஏறினாலோ, கைத்தொழிற்பேட்டை ஒன்று வந்தாலோ, நிறைந்த குளத்தில் எட்டுப் பங்கும் இல்லையே என்ற பழைய பேச்சு மறுபடி வராது என்று யார் பொறுப்பேற்பார்?

கல்லோயாவில் கண்டது

கமக்காரர் கையில் தண்ணீரைக் கொடுத்தால் அடிபட்டுச் சாவார்கள் என்று எண்ணும் உத்தியோகத்தர் எக்காலத்திலும் உண்டு. கல்லோயா இடதுகரை வாய்க்கால் அவர்களுக்குப் பதில் சொன்னது. அங்கே மேல்முனையில் சிங்களக் குடியேற்றவாசிகள், கடைமுனையில் தமிழ்க் கமக்காரர். கடைமுனைக்குத் தண்ணீர் போவதே அரிது. 1981இல் கமத்தொழில் ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்ணெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து இளைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பி, வயல் வாய்க்கால் அளவில் கமக்காரரைச் சிறு குழுக்களாகச் சேர்த்தன. அவ்வாண்டு குளத்தில் கால்பங்கு நீர்தான் நின்றது. பெரும் பூசல் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில், கமக்காரரே வாய்க்காலைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் விட்டு, மேல்முனையார் தமக்குக் கிடைத்ததில் கீழுள்ளோருக்கும் அனுப்பினார்கள். மொழி வேறு, மதம் வேறு. வாய்க்கால் ஒன்று. பின்னர் 1997ஆம் ஆண்டின் வறண்ட சிறுபோகத்திலும், திணைக்களம் போதும் என்று கணித்ததைவிடப் பன்மடங்கு பரப்பை அவர்கள் பயிரிட்டுக் காட்டினார்கள்.

அந்த அனுபவத்தின் பின்னரே 1988இல் கமக்காரர் பங்கேற்புடன் நீர் முகாமை என்பது அரசின் கொள்கையாயிற்று. 1991இல் கமக்காரர் அமைப்புக்களுக்குச் சட்ட அங்கீகாரமும் கிடைத்தது. ஆனால் அந்த அங்கீகாரம் வாய்க்கால் துப்புரவாக்குவதோடு நின்றுவிட்டது. துருசுக்குக் கீழே உள்ள பொறுப்பு கமக்காரனுக்கு, துருசுக்கு மேலே உள்ள அதிகாரம் பிறருக்கு. குளத்தின் கதவு எப்போது திறப்பது என்பதுகூட அப்படித்தான். 2018 டிசம்பரில் பெருமழையோடு இரணைமடு வான்கதவுகள் திறக்கப்பட்டுக் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் வெள்ளத்தில் அகப்பட்டபோது, கதவு திறந்த நேரமும் முன்னறிவித்தலும் பற்றிப் பலத்த கேள்விகள் எழுந்தன. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவித்தலால் தடுத்தபோதும் எந்தப் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலும் கேட்கவில்லை. அந்தக் காலபோகத்தில் நெல் விளைச்சல் விழுந்ததை நாடு பார்த்தது.

எமது பக்கத்திலும் சீர்செய்ய வேண்டியவை

பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு இவ்வளவு உரிமை கேட்கும்போது அக்கூட்டத்தின் நிலையையும் ஒளிக்காமற் பேசவேண்டும். கூட்டத்தில் வாக்குடையவர் காணிக்காரர். வயலிலே காலை வைத்து நிற்பவரோ பல இடங்களில் குத்தகைக்காரர். காணி உரிமையாளர் யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ கனடாவிலோ இருக்கலாம். அவருக்குத் தண்ணீர் ஒரு போகம் தவறினால் குத்தகைப் பணம் குறையும். குத்தகைக்காரனுக்கு அடுப்பு எரியாது. மலையகத்திலிருந்து வந்து 40, 50 ஆண்டுகளாக இக்குளத்தின் கீழ் நாற்று நட்டும் அருவி வெட்டியும் வாழும் குடும்பங்களில் காணி உத்தரவுப்பத்திரம் இல்லாதோர் பலர். அவர்களுக்குக் கூட்டத்தில் கதிரையும் இல்லை. வெளியாருக்கு நியாயம் சொல்லுமுன் இதைச் சரிசெய்தால் எமது குரலுக்கு எடை கூடும்.

மேலும், நாம் இரணைமடுவைப் பற்றிப் பேசும்போது கட்டிலிருந்து கீழே மட்டும் பார்க்கிறோம். தண்ணீர் மேலேயிருந்து வருகிறது. கனகராயன் ஆற்றின் வழியில் வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் சிறு குளங்கள் ஏராளம். அவற்றின் அலைகரையில் மண் தூர்ந்தால் அங்குள்ள கமக்காரன் காலபோகத்தை இழக்கிறான். காடு அழிந்தால் அந்த மண் இரணைமடுவுக்கும் வந்து சேர்கிறது. ஆனால் வவுனியாவின் சிறுகுளத் திருத்தம் ஒரு கச்சேரியில், இரணைமடு வேறொரு கச்சேரியில், யாழ்ப்பாணக் குடிநீர் கொழும்பில் உள்ள சபையின் கையில். ஓர் ஆறு, மூன்று கோவை. இந்த ஆறு ஊற்றிலிருந்து கடல் வரை வடமாகாணத்துக்குள்ளேயே ஓடுகிறது. மாகாணம் கடந்து ஓடும் ஆறுகள் மத்திய அரசுக்கு உரியவை என்று சட்டம் சொல்கிறது. கனகராயன் ஆற்றுக்கு அந்தச் சிக்கல்கூட இல்லை. மாகாண நீர்ப்பாசனத் திணைக்களமே குளத்தைப் பராமரிக்கிறது. வடமாகாண சபையின் காலம் 2018 அக்டோபரில் முடிந்தபின் தேர்தலின்றியே ஆண்டுகள் பல கழிந்தன என்பதுதான் துன்பம். ஆனாலும் மூன்று மாவட்டத்துக் கமக்காரர் அமைப்புக்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதற்கு எந்தத் தேர்தலும் தேவையில்லை.

சிறுபோகக் கூட்டங்கள் வழமைபோல் பங்குனி, சித்திரையில் கூடும். அங்கே ஏக்கர்க் கணக்கும் திகதியும் மட்டும் பேசிக் கலைந்துவிடாமல், கமக்காரர் அமைப்புக்கள் முன்கூட்டியே எழுத்தில் ஒரு பிரேரணை கொடுக்கலாம். கடந்த பத்து ஆண்டில் மாதந்தோறும் குளம் எத்தனை அடி நின்றது, எத்தனை ஏக்கர்-அடி திறக்கப்பட்டது, எவ்வளவு வான் பாய்ந்தது என்ற பதிவைத் திணைக்களம் தமிழில் வாசிக்கவேண்டும் என்று கேட்கலாம். குளம் எத்தனை அடிக்குக் கீழே இறங்கினால் வயலுக்கன்றி வேறெதற்கும் நீர் எடுக்கலாகாது என்ற அளவைக் கூட்டமே தீர்மானித்துக் கூட்டறிக்கையில் பதிவு செய்விக்கலாம். கூட்டறிக்கையில் அரசாங்க அதிபரின் கையொப்பம் இருக்கும். பிரதியொன்றை வாங்கி அமைப்பின் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். குத்தகைக்கு விதைப்போரின் பெயர்ப் பட்டியலையும் அதே நாளில் கமநல சேவை நிலையத்தில் கொடுத்துப் பற்றுச்சீட்டு எடுக்க மறக்கவேண்டாம்.